செத்த தலைக்குத் தேக்கு மாளிகையா?

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், வண்டலூர் முதலிய இடங்களில் கையில் நாலு காசு சேர்ந்து புதிதாக வீடு கட்டுகிறவர்களில் சிலருக்கு ஒரு விபரீத ஆசை பிடித்திருக்கிறது. பூஜைக்கு ஓர் அறை வைத்தது போதாதென்று, "வேட்டைக்கூடம்" என்று இன்னோர் அறை வைக்கிறார்கள். நாலு சுவருக்கும் தேக்குப் பலகை அடித்து, ஈட்டி மரத்தில் நாற்காலி போட்டு, நடுச்சுவரில் ஒரு மான் தலையையோ காட்டெருமைத் தலையையோ மாட்டி, கீழே ஒரு விளக்கும் வைத்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் அண்ணாந்து பார்க்கச் செய்கிறார்கள். நிஜத் தலை கிடைக்காதவர்கள் பொம்மைத் தலையாவது வாங்கி மாட்டுகிறார்கள். இது அவரவர் பணம், அவரவர் சுவர். இதில் நமக்கென்ன வேலை என்று சிலர் கேட்கலாம். சுவர் அவருடையதுதான். ஆனால் அந்தச் சுவரில் தொங்குவது நம்முடைய மானம் என்பதாலேயே நாம் இதை எழுதுகின்றோம்.

முதலில் பலகையின் யோக்கியதையைப் பார்ப்போம். சீமையில் வீட்டுச் சுவர் கல்லால் ஆனது. குளிர் காலத்தில் அது ஐஸாகி விடும். அந்தக் குளிரைத் தடுக்க அங்குள்ளவன் சுவருக்குப் பலகை அடித்தான். அது அவனுக்கு அவசியம். அதைக் குற்றம் சொல்ல மாட்டோம். கத்திரி வெய்யிலில் 40 டிகிரி காயும் தாம்பரத்தில், இருக்கிற உஷ்ணம் போதாதென்று சுவருக்குக் கம்பளி போர்த்துவானேன்? மழை வந்தாலோ பலகைக்குப் பின்னால் ஈரம். ஈரத்துக்குப் பின்னால் கறையான். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்து நின்றதை அதற்குள்ளாகவா மறந்து விட்டோம்?

தலையின் யோக்கியதை இதைவிட மோசம். பழைய காலத்தில் மிருகத் தோலைப் பாடம் செய்தவர்கள், பூச்சி அரிக்காமல் இருக்க அதில் பாஷாணம் தடவினார்கள். அந்த விஷம் எத்தனை வருஷமானாலும் தோலை விட்டுப் போவதில்லை. ஆகவே தாத்தா காலத்துத் தலை என்று பெருமையாகத் தூசி தட்டுகிறவர், தம் குழந்தைகளின் மூச்சில் விஷத்தைத் தட்டி விடுகிறார் என்று அர்த்தம்.

நிற்க. இந்தத் தலைகள் வீரத்தின் அடையாளம் என்கிறார்களே, அது என்ன வீரம்? 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் அவர் கூட்டத்தாரும் டில்லி தர்பார் முடிந்து நேபாளத்துக்குப் போய்ச் சில நாட்களில் 39 புலிகளைக் கொன்றார்கள். மத்திய இந்தியாவில் சர்குஜா மகாராஜா தாம் சுட்ட புலிகள் 1,100-க்கு மேல் என்றார். மைசூரில் வான் இங்கன் கம்பெனியார் 1999-ல் கடையை மூடும் வரை பாடம் செய்த புலியும் சிறுத்தையும் மட்டுமே நாற்பதாயிரத்துக்கு மேல் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. இத்தனையும் ராஜாக்களும் துரைமார்களும் புலியோடு கட்டிப் புரண்டு ஜெயித்தவையா? இல்லவே இல்லை. பெரும்பாலும் யானை மேலோ பரண் மேலோ துரை உட்கார்ந்திருப்பார். நூற்றுக்கணக்கான ஏழைக் குடிகள் கையில் தடியும் தப்பட்டையுமாகப் புதர் புதராகப் புகுந்து, புலியைக் கலைத்துக் கொண்டு வந்து அவர் துப்பாக்கிக்கு நேராக விடுவார்கள். புலி திரும்பினால் கிழிபடுவது கலைத்தவன் வயிறு. விழுந்தால் பித்தளைத் தகட்டில் பொறிக்கப்படுவது சுட்டவன் பெயர். கோயில் கட்டக் கல் சுமந்தவன் வெளியே நிற்க, கட்டியது ராஜா என்று கல்வெட்டு சொல்லவில்லையா? அதே அநியாயந்தான் இங்கும். ஆபத்து ஒருவனுக்கு, கீர்த்தி இன்னொருவனுக்கு என்பதுதான் வேட்டைக்கூடத்தின் தத்துவம்.

உதகமண்டலம் கிளப்பின் சுவர்களில் இன்றும் மிருகத் தலைகளும் கொம்புகளும் தொங்குகின்றன. அந்த மலையில் துரைமார்கள் தங்கள் ஊர் நரிக்குப் பதிலாக நம் குள்ளநரியைக் குதிரை மேலேறி நாய்களோடு துரத்தி, அதற்கும் சீமை உடுப்பும் ஊதுகுழலும் வைத்துக் கொண்டார்கள். அவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் வைத்த கிளப்புப் பழக்கம் போகவில்லை. 2014-ல் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கக் கிளப்பில், வேஷ்டி கட்டி வந்தார் என்பதற்காக ஐகோர்ட் நீதிபதி ஹரிபரந்தாமன் அவர்களையே உள்ளே விடவில்லை. அதன் பிறகு அதே ஆண்டில் சட்டசபை தனிச் சட்டம் செய்தல்லவா அந்த அவமானத்தை நிறுத்த வேண்டியிருந்தது! செத்த மிருகத்துக்கு நடுக்கூடத்தில் இடம். உயிருள்ள தமிழனுக்கு வேஷ்டியோடு வாசலில் இடமில்லை! இந்த வாழ்வைப் பார்த்தா தாம்பரத்துத் தோழர் தம் வீட்டுக்கு நகல் எடுப்பது?

வெள்ளைக்காரனை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம்மவர் மூடத்தனமும் இதற்குக் கூட்டாளி. கடவுளுக்கே புலித்தோல் உடுத்தி வைத்திருக்கிறார்கள். சாமியார் புலித்தோலில் உட்கார்ந்தால் தவம் பலிக்குமாம். குழந்தை கழுத்தில் புலிநகம் கட்டினால் பயம் போகுமாம். நரிக்கொம்பு வைத்திருந்தால் லட்சுமி வருவாளாம். நரிக்குக் கொம்பு உண்டா என்று யாராவது நரியைப் பார்த்துக் கேட்டார்களா? நகம் தன்னிடமே பதினெட்டு இருந்தும் குண்டுக்குத் தப்பாத புலியின் நகம் உன் பிள்ளையை எப்படியப்பா காக்கும்? 2023-ல் கர்நாடகத்தில் டெலிவிஷன் நிகழ்ச்சியில் புலிநகப் பதக்கம் அணிந்து வந்த ஒருவர் ஜெயிலுக்குத்தான் போனார். நகம் அவரையே காக்கவில்லை.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. புலிகள் 1,827 தான் மிச்சம் என்று கணக்கு வந்த 1972-ம் ஆண்டிலேயே வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாதுகாக்கப்பட்ட மிருகத்தின் தலை, தோல், கொம்பு எதையும் உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பது குற்றம். சான்று இருந்தாலும் விற்கக் கூடாது. அதன் பலனாக 2022-ம் ஆண்டு மதிப்பீட்டில் புலிகள் 3,682 ஆயின. எந்தப் பூஜையாலும் அல்ல, மனிதன் புத்தியோடு போட்ட சட்டத்தால் ஆன காரியம் இது. "பொம்மைத் தலைதானே" என்பவருக்கும் ஒரு வார்த்தை: கொன்ற குற்றம் உமக்கில்லை, சரி, ஆனால் கொன்றவனைப் போல் தோன்ற வேண்டும் என்கிற ஆசை எதற்கு?

மரியாதைக்குரிய வேட்டைக்காரன் யாரும் இல்லையா என்றால், இருக்கிறான். தாம்பரத்துக்குச் சிறிது தூரத்தில், வடநெம்மேலியில் இருக்கிறான். இருளர் மக்கள் ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரிகளுக்காகப் பாம்பு பிடித்தார்கள். தோல் செருப்பாகவும் பையாகவும் சீமைக்குப் போயிற்று. பிடித்தவன் குடிசையிலேயே கிடந்தான். அந்த வியாபாரம் தடுக்கப்பட்ட பின், 1978-ல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷம் எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். இந்நாட்டில் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி அவர்கள் கையால் வந்தது. வயலில் பாம்பு கடித்துப் பிழைத்து எழுந்த குடியானவன் எந்தச் சாமிக்குத் தேங்காய் உடைத்திருந்தாலும், அவனைப் பிழைக்க வைத்தது இந்த இருளர் கைதான். இவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017-ல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே அழைக்கப்பட்டார்கள். 2023-ல் பத்மஸ்ரீ பட்டமும் பெற்றார்கள். ஒரு மிருகத்தின் தலையையும் சுவரில் மாட்டாத வேட்டைக்காரர்கள் இவர்கள்!

ஆகவே தோழர்களே! வீடு கட்டுங்கள், நன்றாகவே கட்டுங்கள். மரம் வாங்கத்தான் வேண்டுமென்றால், அந்தத் தேக்கில் நாலு அலமாரி செய்து புத்தகம் அடுக்குங்கள். ஒரு நீண்ட மேஜை போட்டு, தெருப் பிள்ளைகள் சாதி பார்க்காமல் வந்து உட்கார்ந்து படிக்க விடுங்கள். சுவரில் ஏதாவது மாட்டியே தீரவேண்டுமென்றால், காட்டைக் கலைத்தவன் படத்தையும் பாம்பு பிடித்தவன் படத்தையும் மாட்டுங்கள். செத்த தலையைத் தேக்கில் வைத்து வணங்குகிறவன் தன் தலையைத் தானே தாழ்த்திக் கொள்ளுகிறான். நம் தலை நிமிர்ந்திருக்க வேண்டிய இடம் சுவர் அல்ல, கழுத்தே ஆகும்.