ஆரஞ்சை விடுங்கள், கொய்யாவைப் பாருங்கள்

“ஏற்காடு ஆரஞ்சு தின்றால் நிறம் வெளுக்கும், சளி அண்டாது” என்று அடித்துப் பேசுகிறார் நண்பர். தின்று யாரும் வெளுத்ததில்லை, ஐயா. தோலைத் தாங்கும் கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேண்டும், அது உண்மை. சளியோ வரத்தான் செய்யும். வைட்டமின் சியைத் தினமும் எடுப்பவருக்குச் சற்றே சீக்கிரம் விடும். ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர், 2020). மலைப்பாதையில் நான்காகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருகிறார்களே கொய்யா, அதில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டும். உங்கள் ஆரஞ்சில் 50-ஐ ஒட்டித்தான். ஆயிரம் மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையில் பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும்; சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு வம்பும்கூட. அந்தக் காசைக் கொய்யா விற்கும் அம்மாவிடம் கொடுங்கள்.