காவடிக்குக் கூட வர்றவங்களுக்குச் சில வார்த்தை

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. சில பேருக்குக் கோபம் வரும். வரட்டும்.

சிலிபின் பக்கம் ஒவ்வொரு வருஷமும் பூசம் முடிஞ்ச மறுநாள் ஒரே பேச்சுதான். "பையனுங்க கெட்டுப் போயிட்டானுங்க, பக்தியே இல்ல." ரோட்டோரம் குப்பை பொறுக்கும்போது பீர் டின் கையில தட்டுப்பட்டா நாங்களும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தோம். இப்ப சொல்றதில்ல.

போன பூசத்துல புந்தோங் மாரியம்மன் கோயில்ல இருந்து குனோங் சீரோ கல்லுமலைக்குப் போற வழியில, எங்க தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்துல ஒரு காவடி நின்னுச்சு. எடுத்தவர் 48 நாள் விரதம் இருந்தவர். அம்மா உடம்பு தேறணும்னு வேண்டுதல். வெயில்ல கால் நடுங்க நிக்கிறார். கூட வந்த முப்பது பேரும் ஒரே கறுப்பு டீ-சட்டை, முதுகுல ஒரு நம்பர். உருமிய வச்சு சினிமா பாட்டு அடிச்சு ஆடுறாங்க, காவடிக்காரர நகர விடல. அவர் முகத்த அவங்க யாருமே பார்க்கல.

அந்தக் கூட்டத்துல பதினேழு வயசுப் பையன் ஒருத்தன். எங்களுக்கு நல்லா தெரிஞ்சவன். வெள்ளிக்கிழமையானா தேவாரம் பாட வருவான், சொல்லாமலே செருப்பு அடுக்கி வைப்பான். அவன் கையில டின். எங்களப் பார்த்ததும் முதுகுக்குப் பின்னால மறைச்சான். அடுத்த வாரம் தனியா கூப்பிட்டுக் கேட்டோம். "எனக்கு அந்த ருசியே புடிக்கல அண்ணே. நான் மட்டும் வேணாம்னா 'பெரிய சாமியாரு'ன்னு கிண்டல் பண்ணுவாங்க" என்றான்.

இவனைக் கெட்டவன்னு எப்படிச் சொல்றது?

1951-ல அமெரிக்காவுல சாலமன் ஆஷ் என்ற மனோதத்துவ அறிஞர் ஒரு சோதனை வெளியிட்டார். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்துல இருக்கிற மூணு கோட்டுல எது அதே நீளம்னு கேட்பாங்க. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா அறையில இருந்த மத்தவங்க எல்லாம் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டு, தப்பான பதிலையே சொன்னாங்க. சோதனைக்கு வந்தவங்கள்ல நாலுல மூணு பேர் ஒரு தடவையாவது அந்தத் தப்பையே தானும் சொன்னாங்க. கண்ணுக்கு நேரா தெரியுது, இருந்தும் வாய் வரல. ஆனா கூட்டத்துல இன்னும் ஒரே ஒருத்தர் சரியான பதிலைச் சொல்லிட்டாலே, இப்படி ஒத்து ஊதுறது வெகுவா குறைஞ்சு போச்சு.

அந்த ஒருத்தர் நம்ம பையனுக்குக் கிடைக்கல. நாங்க அஞ்சு பேர் பத்தடி தள்ளி நின்னோம், அதையும் சொல்லிடுறோம். ஒருத்தர் முகத்த ஒருத்தர் பார்த்தோம், அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தைக் கூட்டிட்டு வந்தவர் அன்னதானத்துக்குப் பெரிய தொகை கொடுக்கிறவர். "இப்ப வேணாம், அப்புறம் பேசிக்கலாம்" என்று ஒருத்தர் சொன்னார், நாலு பேரும் தலையாட்டினோம். பையன் பயந்தது முப்பது பேருக்கு. நாங்க பயந்தது ஒரே ஆளுக்கு!

இதுல வெட்கக்கேடு என்னன்னா, அதே மணி நேரத்துல முதுகு தெரிய ரவிக்கை போட்டு வந்த ஒரு தங்கச்சிய நிறுத்தி "துண்டு போட்டு மூடிக்கம்மா"ன்னு சொன்னோம். அவ தனியா வந்தவ. அவகிட்ட மட்டும் எங்களுக்கு வாய் வந்துச்சு. 2017-ல பத்துமலைக்கு அரைகுறையா சேலை கட்டி வர்ற பெண்கள் மேல சாயம் அடிப்போம்னு முகநூல்ல ஒரு கூட்டம் கிளம்புச்சே, ஞாபகம் இருக்கா? அப்ப நாங்களும் கண்டிச்சுப் பதிவு போட்டோம். நாங்க செஞ்சது அதுல இருந்து ரொம்ப தூரம் இல்ல.

நம்பர் போட்ட சட்டை வெறும் ஸ்டைல்னு சொல்ற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2013-ல உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டுச்சு. 04, 08, 36 எல்லாம் அதுல இருந்த பெயர்கள்தான். உறுப்பினர்கள்ல பெரும்பாலானோர் நம்ம இனத்துப் பிள்ளைங்க. ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறி வந்த குடும்பத்துப் பையனுக்கு லயமும் இல்ல, கூடி விளையாடின திடலும் இல்ல. "நம்ம ஆளு"ன்னு தோள்ல கை போடறவன் பின்னாடி போறான். முதல் சட்டையை அவனுக்கு இலவசமாவே கொடுக்கிறாங்க. நம்ம கோயில் அவனுக்கு என்ன கொடுத்துச்சு? வரிசையில நில்லு, சத்தம் போடாதே.

கூட்டம்னாலே கெடுதல்தான்னும் நினைச்சுடாதீங்க. மொரீஷியஸ் தீவுல தைப்பூசக் காவடியை ஆராய்ச்சி பண்ணி 2013-ல ஒரு கட்டுரை வந்துச்சு. சாதாரண கூட்டு வழிபாட்டுக்கு வந்தவங்கள விட காவடி எடுத்தவங்க கோயிலுக்கு அதிகமா காசு கொடுத்தாங்க. அவங்களோட கூடவே நடந்து வந்தவங்களும் கொடுத்தாங்க, அலகு குத்தினவங்களுக்குக் கொஞ்சமும் குறையாம. வலி ஒருத்தருக்கு, மனசு இளகுனது பக்கத்துல நடந்தவனுக்கும். ஆனா அவன் காவடிய பார்த்துக்கிட்டு நடந்திருக்கணும். நம்ம ஆளுங்க காவடிக்கு முதுகைக் காட்டி, போனுக்கு முகத்தைக் காட்டி ஆடறாங்க.

இன்னொண்ணு நம்ம தாத்தா காலத்துச் சேதி. 1940-கள்ல கெடா, பெடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்துல ஏ.எம். சாமி தலைமையில 'தொண்டர் படை' கிளம்புச்சு. தோட்டத்துப் பாட்டாளிங்கதான். சம்பளத்தைக் கள்ளுக்கடை விழுங்குறதைப் பார்த்து, அந்தக் கடைங்க முன்னாடியே மறியல் பண்ணாங்க. போலீஸோட மோதல் வந்து உயிரும் போச்சு. அவங்க செஞ்சதும் கூட்டத்தோட அழுத்தம்தான், மறுக்கல. கள்ளு குடிக்கிறது சகஜமா இருந்த இடத்துல, குடிக்கப் போறவன் தன் சக தொழிலாளியைத் தாண்டிப் போக வேண்டி வந்துச்சு. நாங்களும் அதே 'தொண்டர்'ங்கிற பேரைத்தான் சட்டையில குத்திக்கிட்டுத் தண்ணி ஊத்துறோம். பெரிய ஆள் வந்தா ஒதுங்கி நிக்கிறோம்.

வர்ற பூசத்துக்கு ஒரு முடிவு எடுத்திருக்கோம். அந்த அன்னதான அண்ணன் வீட்டுக்கு நாங்க அஞ்சு பேரும் சேர்ந்தே போகப் போறோம். நம்பர் சட்டையும் டின்னும் வர்ற கூட்டத்துக்கு எங்க பந்தல்ல இடம் இல்ல, காவடிக்காரருக்கு மட்டும் தண்ணி கொடுப்போம்னு முகத்துக்கு நேரா சொல்வோம். நன்கொடை நின்னா நிக்கட்டும், சோறு குறைஞ்சா கஞ்சி ஊத்துவோம். ஒவ்வொரு காவடிக்கும் அந்தக் குடும்பத்து அக்காவோ மாமாவோ ஒருத்தர் பக்கத்துலயே நடக்கணும்னு வீடு வீடா கேட்கப் போறோம். அந்தத் தங்கச்சி யாருன்னு தெரியல. இதைப் படிச்சா, மன்னிச்சுக்கம்மா.

அந்தப் பையன் இந்த வருஷம் எங்களோட தண்ணி ஊத்த வர்றேன்னான். தனியா வரக் கூச்சமா இருக்காம். கூட்டாளிங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரலாமான்னு கேட்டான். வரச் சொல்லிட்டோம்.