சிற்றிலும் செப்பும்

கடற்கரை மணலில் சிறுமியர் வீடு கட்டி விளையாடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவ்வீட்டைச் சிற்றில் என்று நம் முன்னோர் வழங்கினர். ஈர மணலைப் பிசைந்து செய்த பொம்மைக்கு வண்டற்பாவை என்று பெயர். ஐங்குறுநூற்று நெய்தற் பாட்டு ஒன்றில், ஒரு பெண் செய்து வைத்த வண்டற்பாவையைக் கடல் கொண்டு போய்விடுகிறது. அவள் அழுதுகொண்டு வீடு திரும்பவில்லை. நுண்மணலை வாரி வாரி இட்டுக் கடலையே தூர்க்க முற்படுகிறாள். புதுக்கோட்டை மாவட்டத்துக் கட்டுமாவடியில், பாக்கு நீரிணையின் கரையில் வாழ்கின்றவன் யான். பன்னெடுங்காலம் அப்பாட்டை வகுப்பில் நடத்தியபொழுது, அதனைப் பிள்ளைமை என்றே சொல்லிக் கடந்து போனேன். பணி ஓய்வு பெற்றுப் பழைய விளையாட்டுப் பொருள்களைத் தேடித் திரட்டத் தொடங்கிய பின்னரே அவள் சினத்தின் பொருள் எனக்கு விளங்கிற்று.

“அறுபது வயதுக்கு மேல் பொம்மையா?” என்று அண்டை வீட்டார் நகைப்பதுண்டு. நகைப்பவர் ஆம்ஸ்டர்டாம் நகரத்து அரசுக் காட்சிச்சாலைக்கு ஒருமுறை சென்று வருவாராக. பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்னும் செல்வப் பெண்மணி, ஏறத்தாழ 1686 முதல் 1710 வரை பொருளைக் கொட்டி அமைத்த பொம்மை வீடு ஒன்று அங்கே உள்ளது. அதற்கான சிறு பீங்கான் கலங்களைச் சீன நாட்டிலிருந்தே வருவித்தார் என்பர். புதுதில்லி நகரை வகுத்த கட்டடக் கலைஞர் எட்வின் லட்டியன்சை நீங்கள் அறிவீர்கள். அவரே 1921 முதல் 1924 வரை இங்கிலாந்தின் மேரி அரசியாருக்காக ஒரு பொம்மை வீட்டையும் அமைத்தார். மெய்ப்பொருளில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் அமைந்த அவ்வீட்டில் மின்விளக்கு எரியும். குழாயில் நீர் வரும். அதன் நூலகத்திற்கென எழுத்தாளர் பலர் தம் கையாலேயே விரலளவு நூல்களை எழுதிக் கொடுத்தனர். இவ்வீடுகள் குழந்தைகள் கைக்கு எட்டாதவை. செல்வர் தம் செல்வத்தைக் காட்டிக்கொண்டவை. ஆயினும், அக்காலத்து அடுக்களை எப்படி இருந்தது, துணிகளை எங்கே மடித்து வைத்தனர் என்பனவற்றை இன்று ஆராய்வோர்க்கு அவை பெருந்துணை புரிகின்றன.

நம் நாட்டில் சுவரும் கூரையும் கொண்ட பொம்மை வீடு பெருவழக்கன்று. நம் பெண்மக்கள் திண்ணையிலோ முற்றத்திலோ கரியால் நான்கு கோடு கிழித்து, அதனையே வீடென்று கொண்டனர். வீட்டை வீடாக்கியது அதனுள் பரப்பிய செப்புகளே. செப்பு என்பது சிமிழைக் குறிக்கும் பழஞ்சொல். பேச்சு வழக்கில் சொப்பு என்று திரிந்து, சிறு பாத்திரங்கள் அனைத்திற்கும் பொதுப்பெயர் ஆயிற்று. அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைந்து, அது சுழலும்பொழுதே அரக்கை அழுத்தி, அவ்வுராய்வின் சூட்டிலேயே நிறமேற்றிச் செய்த செப்புகள் புகழ்பெற்றவை. பித்தளையிலும் கல்லிலும் மண்ணிலும் செப்புகள் உண்டு. அம்மியும் குழவியும், உரலும் உலக்கையும், திருகை, அடுப்பு, தவலை, முறம், அரிவாள்மணை என ஒரு குடும்பத்திற்கு வேண்டியன யாவும் உள்ளங்கையில் அடங்கிவிடும். மின்னால் அரைக்கும் பொறியையே கண்டு வளரும் இக்காலத்துச் சிறுவன் ஒருவன், திருகையைக் கையில் எடுத்து, “இஃது என்ன சக்கரம் ஐயா?” என்று என்னை வினவினான். மெய்யான திருகை அவன் வீட்டிலிருந்து போய்விட்டது. பொம்மைத் திருகை அல்லவா அதன் பெயரை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது!

இனி என் பிழையைச் சொல்கிறேன். பத்தாண்டுகளுக்கு முன் காரைக்குடியில், பழம்பொருள் விற்கும் கடை ஒன்றில், பித்தளைச் செப்புகள் பதினேழு வாங்கினேன். பச்சைக் களிம்பு படிந்து கிடந்தன. எங்கள் ஊர் உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் கழிந்ததும் களிம்பு மேலும் ஏறிற்று. புளியும் செங்கற்பொடியும் இட்டு மூன்று நாள் விடாது தேய்த்தேன். பொன்னைப்போல் ஒளிர்ந்தன, மகிழ்ந்தேன். நான்காம் நாள், இன்னும் தேய்க்காதிருந்த ஒரு சிறு குடத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதன் கழுத்தோரம் உளியால் புள்ளி புள்ளியாகப் பொறித்த எழுத்துகள் இருந்தன; ஒரு பெண்ணின் பெயர். தந்தை மகளுக்குச் செய்வித்துப் பெயர் பொறித்துக் கொடுத்த பொருள் அது. மற்றப் பதினாறையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். சிலவற்றில் அதே இடத்தில் மங்கலான தடம் மட்டும் தெரிந்தது. அங்கே ஊர்ப்பெயர் இருந்ததா, ஆண்டு இருந்ததா, அறிய வழியில்லை. ஏட்டுச்சுவடியில் ஓர் எழுத்துச் சிதைந்திருந்தால் அதன்முன் நாள் முழுதும் அமர்ந்திருந்தவன் யான். என் கையாலேயே எழுத்தை அழித்தேன்.

பழம்பொருளைச் செப்பனிடுதல் வேறு, புதிதாக்குதல் வேறு என்பதை அன்று அறிந்தேன். இவ்வேறுபாட்டை யான் முன்னமே அறிந்திருக்க வேண்டும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் சுவடிகளை அச்சேற்றிய முறையே அதனைக் கற்பிக்கின்றதே! அவர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். 267, 268 ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. ஐங்குறுநூற்றை 1903இல் பதிப்பித்தார். மேலே யான் சொன்ன வண்டற்பாவைப் பாட்டு அமைந்த அதே பத்தில், இறுதி இரண்டு பாட்டுகள் இல்லை. சங்கச் செய்யுளின் போக்கை அவரினும் நன்கறிந்தவர் யார்? இரண்டு பாட்டுகளைத் தாமே இயற்றி இடையில் வைத்திருந்தால் பலர் கண்டுபிடித்திருக்கவும் மாட்டார்கள். அவர் அவ்வாறு செய்யவில்லை. இல்லாததை இல்லை என்றே காட்டினார். அதனாலேயே, இருப்பவற்றை நாம் ஐயமின்றி நம்புகிறோம்.

பொம்மையைச் செப்பனிடுவோர்க்கும் இதுவே நெறி என்பது என் துணிபு. கால் ஆடும் மரப்பாச்சிக்கு முட்டுக் கொடுக்கலாம். பசை நீரில் கரையக்கூடியதாக இருத்தல் நன்று, பின்வருவோர் வேண்டினால் பிரித்துக்கொள்வர். அரக்கு உதிர்ந்த செப்பின்மேல் கடையில் விற்கும் எனாமல் வண்ணத்தைப் பூசலாகாது. பழைய கொலுப் பொம்மை மண்ணாயினும் காகிதக் கூழாயினும் ஈரத்துணி படக்கூடாது. மெல்லிய தூரிகையால் தூசு தட்டிப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்தால் போதும். செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டிக்கொள்ளும். மரப்பொருளை வெயிலில் காயவைப்போர் அது வெடித்த பின் வருந்துவர். செஞ்சந்தன மரப்பாச்சி சிலவற்றில் முதுகு தேய்ந்து பள்ளமாக இருக்கும். அதனைக் குறையென்று எண்ணி மெழுகிட்டு நிரப்பிய ஒருவரை யான் அறிவேன். குழந்தைக்கு வீக்கம் கண்டபொழுது தாய்மார் அதனை நீர் விட்டு இழைத்துப் பற்றுப் போடுவது வழக்கம். அப்பள்ளம் அவ்விழைப்பால் உண்டானது. அதனை நிரப்புவது எத்தகைய பேதைமை!

பழையதை அழுக்கோடும் உடைசலோடும் வைத்திருப்பதில் என்ன அழகு என்று கேட்பாரும் உளர். கேள்வி நியாயமானதே. கொலுவில் வைத்து வழிபடும் பொம்மைக்கு வண்ணம் மங்கினால் புதுப்பிக்கத்தான் வேண்டும். அது வழிபாட்டுப் பொருள், அதற்குப் பொலிவு வேண்டும். புதுப்பிப்பதும் ஒரு கைத்தொழில். அதனால் பிழைக்கும் கைவினைஞரை யான் குறை கூறேன். திரட்டுவோன் பொறுப்பு வேறு. அவன் தன் கையில் உள்ளதைப் பிறர் அறிவதற்காக வைத்திருப்பவன்.

அழுக்கைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு, அது பிரிவினை. ஒரு வீட்டுச் செப்பு முழுதும் ஒன்றாகக் கிடைத்தால், வணிகர் அதனைத் தனித்தனியே விற்கின்றனர். உரல் ஓரூருக்கும் உலக்கை ஓரூருக்கும் போகின்றன. அவர்க்கு ஊதியம் மிகுதி. வாங்குவோரும் கண்ணாடிப் பேழைக்கு ஒன்று போதும் என்கின்றனர். எந்த வீட்டிலிருந்து வந்தது, யார் விளையாடினர் என்று ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டுப் பரணில் இத்தகைய பெட்டி இருக்குமாயின், அதனைத் திறக்குமுன் உங்கள் பாட்டியாரைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே இடுங்கள். யான் வாங்கிய செப்புகளின் பெட்டியில் அத்தகைய தாள் இல்லை.

அவற்றுள் தவலை ஒன்றிற்கு மூடி இல்லை. கன்னார் ஒருவர், பார்த்தால் வேறுபாடே தெரியாதபடி புது மூடி அடித்துத் தருவதாகச் சொன்னார். வேண்டா என்று சொல்லி, “மூடி கிடைக்கவில்லை” என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்தேன். பதினேழையும் பூட்டி வைக்கவும் மனம் ஒப்பவில்லை. திங்களுக்கு ஒரு நாள் பக்கத்து வீட்டுச் சிறுமியை அழைத்து முற்றத்தில் பரப்பிக் கொடுக்கிறேன். சென்றமுறை அவள் மணலைத் தவலையில் இட்டுச் சோறு ஆக்கினாள். “தாத்தா, மூடி எங்கே?” என்றாள். தொலைந்துவிட்டது என்றேன். அவள் எழுந்து போய், வேலியோரத்துப் பூவரசிலை ஒன்றைப் பறித்துவந்து தவலையின் வாயை மூடினாள்.