மருமக்கள் வீட்டுக்கு மக்கள்வழிக் கொடிவழியா?

வேணாட்டு அரச குடும்பத்தின் வம்சாவளி என்று வாட்ஸ்அப்பிலும் ரீல்ஸிலும் சுற்றுகிற படங்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மேலே ஒரு கிரீடம். அதன் கீழே மார்த்தாண்ட வர்மா. அங்கிருந்து ஒரு கோடு, கீழே தர்மராஜா. இன்னொரு கோடு, கீழே பலராம வர்மா. கோட்டின் மேல் எதுவும் எழுதியிருக்காது. ஆனால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? அப்பா, மகன், பேரன். சில மகானுபாவர்கள் அதை எழுதியே விடுகிறார்கள்: ‘மார்த்தாண்ட வர்மாவின் புதல்வர் தர்மராஜா.’ வெளியூர்க்காரன் செய்தால் போகட்டும் என்று விடலாம். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா போய் வளர்ந்த நம்ம ஊர்ப் பயலே இதைப் பகிர்கிறான், கூடவே நெருப்பு எமோஜி வேறு.

தர்மராஜா மார்த்தாண்ட வர்மாவின் மகன் இல்லை. சகோதரி மகன். மார்த்தாண்ட வர்மாவும் தனக்கு முன் ஆண்ட ராம வர்மாவின் மகன் இல்லை, மருமகன். திருவிதாங்கூர் அரியணையில் ராஜா ஒருவருக்குப் பின் அவருடைய மகன் ராஜாவாக உட்கார்ந்ததே கிடையாது. ஒருத்தர்கூடக் கிடையாது. அப்படியென்றால் அந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன?

ஐரோப்பாவிலிருந்து வந்தன. கொடிவழிப் படம் வரைவதற்கு இணையத்தில் கிடைக்கிற எல்லா அச்சும் அங்கத்தியப் பிரபு குடும்பங்களுக்காகச் செய்தது. இடைக்காலப் பிரான்சின் கோமகன்களை எடுத்துக்கொள்ளுங்கள். நார்மண்டி, பர்கண்டி, பிரிட்டனி என்று ஒவ்வொரு கோமகன் வீட்டுக்கும் ஆராய்ச்சியாளர்கள் தலைமுறை தலைமுறையாக மெனக்கெட்டு மரம் வரைந்து வைத்திருக்கிறார்கள். அங்கே அது பொருந்தும். ஏனென்றால் அந்த வீடுகளில் கேள்வியே ‘மகன் யார்?’ என்பதுதான். மகன் இல்லையென்றால் ரகளை. 1341இல் பிரிட்டனியின் கோமகன் மூன்றாம் ஜான் பிள்ளையில்லாமல் செத்துப்போனார். உரிமை கேட்டு இரண்டு தரப்பு வந்தது. ஒன்று, கூடப்பிறந்த தம்பியின் மகள் ழான். இன்னொன்று, மாற்றாந்தாய் வயிற்றில் பிறந்த தம்பி மோன்ஃபோர் ஜான். பிரெஞ்சு அரசர் ஒரு பக்கம், இங்கிலாந்து அரசர் ஒரு பக்கம் நிற்க, சண்டை இருபது வருஷத்துக்கு மேல் இழுத்து 1365இல்தான் ஓய்ந்தது.

இந்த வழக்கை நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழிக் குடும்பத்துக் காரணவர் ஒருத்தர் முன்னால் கொண்டுபோய் வைத்திருந்தால் அரை நிமிஷத்தில் தள்ளுபடி பண்ணியிருப்பார். தம்பி மகளா? அவள் அவளுடைய அம்மை வீட்டுக்காரி, இங்கே என்ன வேலை? மாற்றாந்தாய் மகனா? அவன் வேறு தரவாடு. ரெண்டு பேரும் கிளம்புங்க. உடன்பிறந்த அக்கா தங்கை மகன் உண்டா, அவனைக் கூப்பிடு.

சட்டம் இவ்வளவு தூரம் வேறாக இருக்கும்போது பிரிட்டனி வீட்டுக்குத் தைத்த சட்டையை வேணாட்டுக்கு எப்படி மாட்டுவீர்கள்? ஆனால் மாட்டுகிறோம். மாட்டினால் என்ன ஆகிறது என்றால், அந்தக் குடும்பத்தை நிஜமாகவே தாங்கி நின்றவர்கள் படத்திலிருந்து காணாமல் போகிறார்கள்.

சரியான மரத்தைப் போட்டுப் பார்ப்போம். அதன் தண்டு முழுக்கப் பெண்கள். பெண் இல்லாமல் போனால் வம்சமே முடிந்தது. இந்தக் குடும்பத்துக்கு அந்த ஆபத்து ஒருமுறை இல்லை, பலமுறை வந்தது. ஒவ்வொரு முறையும் வடக்கே கண்ணூர்ப் பக்கம் கோலத்துநாட்டு அரச குடும்பத்திலிருந்தோ அதன் கிளையிலிருந்தோ பெண்களைத் தத்தெடுத்தார்கள். மார்த்தாண்ட வர்மாவின் தாயே அப்படி வந்தவர். தர்மராஜா காலத்தில், 1788இல், மறுபடியும் கோலத்துநாட்டிலிருந்து இரண்டு பெண்கள். கௌரி லட்சுமி பாயி, கௌரி பார்வதி பாயி, சுவாதித் திருநாள் எல்லாரும் அந்த வழி. 1857இல் திரும்பவும் பெண் இல்லை. கோலத்துநாட்டின் கிளையான மாவேலிக்கரையிலிருந்து இரண்டு சிறுமிகள் வந்தார்கள். அவர்களுக்கும் பெண் வாரிசு இல்லை. 1900இல் மறுபடி மாவேலிக்கரை, மறுபடி இரண்டு சிறுமிகள்: சேது லட்சுமி பாயி, சேது பார்வதி பாயி. ஒருத்திக்கு நாலு அஞ்சு வயசு, இன்னொருத்தி அவளைவிட ஒரு வயசு இளையவள். பெரியம்மா சித்தி பிள்ளைகள். தத்துக்குப் பிறகு மூத்த ராணி, இளைய ராணி.

இந்த இரண்டு பேருடைய தாய்வழித் தாத்தா யார் தெரியுமா? ஓவியர் ராஜா ரவி வர்மா. ஆக, திருவிதாங்கூரின் கடைசி மகாராஜா சித்திரைத் திருநாள் ரவி வர்மாவின் கொள்ளுப்பேரன். ஐரோப்பிய மரத்தில் இது தலைப்புச் செய்தி. நம்ம மரத்தில் ரவி வர்மாவுக்கு இடமே கிடையாது! அவர் கிளிமானூர்க்காரர். உரிமை அவர் வழியாக வரவில்லை, அவருடைய மனைவி மாவேலிக்கரைக்காரி என்பதால் வந்தது. மார்த்தாண்ட வர்மாவின் தகப்பனாரும் கிளிமானூர்தான். தொடக்கத்தில் ஒரு கிளிமானூர்க்காரர், முடிவில் ஒரு கிளிமானூர்க்காரர், இரண்டு பேரும் படத்துக்கு வெளியே.

அப்புறம் ‘ரத்தம், ரத்தம்’ என்று முழங்குகிறவர்களிடம் கேட்கிறேன். ‘ஆயிரம் வருஷத்துச் சேர ரத்தம்’ என்று பின்னணி இசையோடு ரீல்ஸ் போடுகிறீர்களே, எந்த ரத்தம்? 1788க்கு முன்னால் வேணாட்டில் இருந்தவர்களின் ரத்தமா, கோலத்துநாட்டு ரத்தமா? இந்தக் குடும்பம் தன்னைத் தொடர்ந்து நடத்திக்கொண்டது ரத்தத்தால் இல்லை, சடங்காலும் சம்மதத்தாலும் ஏட்டாலும். அது ஒன்றும் கேவலம் இல்லை. என்னைக் கேட்டால் ரத்தத்தைவிட அது நாகரிகமான ஏற்பாடு.

இதுவரை நான் சொன்னதைக் கேட்டுவிட்டு இன்னொரு கூட்டம் குதித்துக்கொண்டு வரும். ‘பார்த்தீர்களா, மருமக்கள்வழியில் பெண்ணே தலைவி! ஆற்றிங்ஙல் ராணிகள்! பெண்ணாட்சி!’ கொஞ்சம் பொறுங்கள். ராணிகள் ஆண்டது உண்மை. உமையம்மை ராணி ஆண்டார். கௌரி லட்சுமி பாயி 1810 முதல் 1815 வரை, கௌரி பார்வதி பாயி 1829 வரை. சேது லட்சுமி பாயி 1924 முதல் 1931 வரை. ஆனால் பின்னால் சொன்ன மூவரும் எப்போது ஆண்டார்கள்? வயசுக்கு வந்த ஆண் இல்லாதபோது. பையன் வளர்ந்ததும் இடத்தை விட்டுக் கொடுத்தார்கள். பெண் வழியாக உரிமை போகும், பெண்ணிடம் தங்காது. வாய்க்கால் மாதிரி. தண்ணி வயலுக்கு.

அதைவிட மோசம், இந்தத் தாய்வழி மரமும் ஒரு கூட்டத்தைச் சுத்தமாக வெட்டி எறிகிறது. ராஜாவின் மனைவியை. அவள் ராணி கிடையாது, அம்மச்சி. அவள் பிள்ளைகள் தம்பி, தங்கச்சி. அரண்மனைக்குள் இடம் இல்லை. தனி வீடு, அம்மவீடு. திருவனந்தபுரத்தில் பேர்பெற்ற நாலு அம்மவீடுகளின் பெயரைக் கேளுங்கள்: அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு. நாலும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்கள். ராஜாக்களுக்கு நம்ம ஊர் மனைவி கொடுத்தது. வம்சாவளியில் நம்ம ஊர்ப் பெயர் ஒன்றுகூட ஏறவில்லை.

தம்பிமார் கதையை இங்கே வைத்துப் படிக்க வேண்டும். ராம வர்மா 1729இல் இறந்தார். அவருடைய மகன்கள் பத்மநாபன் தம்பி, ராமன் தம்பி. நம்ம ஊரில் வலிய தம்பி, குஞ்சு தம்பி. அப்பாவின் இடம் எங்களுக்கு என்றார்கள். மருமகன் மார்த்தாண்ட வர்மா விடவில்லை. கடைசியில் தம்பிகள் கொல்லப்பட்டார்கள், நாகர்கோவிலில். 1891இல் வந்த சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவலில் பத்மநாபன் தம்பி முழு வில்லன். அரசு சார்ந்த சரித்திரப் புத்தகங்களிலும் துரோகிதான். ஆனால் நம்ம பக்கத்துக் கதைப்பாடல் தம்பிமாருக்காக அழுகிறது.

இன்றைக்கு இதை ‘நிஜ வாரிசைக் கொன்ற கதை’ என்று எழுதுகிறார்கள். அதில் மலையாளி, தமிழன் சண்டையையும் கொஞ்சம் தூவிக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் ஒப்பவில்லை. அந்த வீட்டின் சட்டப்படி தம்பிமாருக்கு உரிமை கிடையாது, தெளிவாகவே கிடையாது. ‘ராஜா மகன்தானே ராஜா?’ என்று கேட்பவன் பர்கண்டியில் உட்கார்ந்து பேசுகிறான். அதே சமயம் துரோகி என்று முத்திரை குத்துவதும் அபத்தம். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் அப்பா சொத்து மகனுக்கு என்பது சாதாரண நியாயம். தோவாளைக்கு இந்தப் பக்கம் ஒரு நியாயம், அந்தப் பக்கம் ஒரு நியாயம். எல்லையில் வளர்ந்தவனுக்கு இரண்டும் கண்ணில் படாமல் இருக்குமா?

கதைப்பாடல் அந்த வாரிசு வழக்கோடு நிற்கவில்லை. அதில் பகைக்குக் காரணம் தம்பிமாரின் தங்கை. ராஜா அவளை மணக்கக் கேட்கிறான், அண்ணன்மார் மறுக்கிறார்கள். நடந்ததா என்பது வேறு விஷயம். ஆனால் பாடினவர்கள் எதைக் கவனித்திருக்கிறார்கள் பாருங்கள். ராஜாவின் மகளாகப் பிறந்தவளுக்கு அந்த அரண்மனையில் கிடைக்கக்கூடிய உச்ச இடம், இன்னொரு அம்மச்சி. அவள் பிள்ளைகள் மறுபடி தம்பிகள். தந்தைவழி மரத்தில் அவள் பெண் என்பதால் இல்லை. தாய்வழி மரத்தில் அவள் அம்மை வேறு வீட்டுக்காரி என்பதால் இல்லை. இரண்டு மரத்திலும் இல்லாத பெண்ணைப் பாட்டில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ராஜா வீட்டுக் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். நாஞ்சில்நாட்டு வேளாளர்களில் பெரும்பகுதி இதே சட்டத்தில்தான் வாழ்ந்தார்கள். காரணவர், அனந்தரவன், தாவழி. சம்பாதித்தவன் செத்தால் சொத்து மருமகனுக்கு. மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்று ஒரு சின்னப் பங்கு, அதற்கும் கோர்ட்டு வாசல். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ இந்த அவலத்தைத்தான் எள்ளி நகையாடியது. பேசுகிறவள் காரணவரின் மனைவி, அதாவது அம்மச்சியின் ஏழைத் தங்கச்சி. 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில்நாட்டு வேளாளர் ரெகுலேஷன் கொண்டுவந்து மக்கள்வழிக்குக் கதவைத் திறந்தது. நல்ல காரியம். திரும்பிப் போக வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.

ஆனால் மாறினவர்கள் பழசையும் சேர்த்துத் திருத்தி எழுதினார்களே, அதுதான் என் புகார். இப்போது குடும்ப வரலாறு அச்சடிப்பது ஒரு மோஸ்தர். கொடைக்கு ஒன்று, சஷ்டியப்த பூர்த்திக்கு ஒன்று. ஏழு தலைமுறைக்கு அப்பா, அவருக்கு அப்பா, அவருக்கு அப்பா என்று நேர்கோடு. 1926க்கு முந்தின நாலு தலைமுறைக்கு அந்தக் கோடு எப்படி வரும் மக்கா? அந்தக் காலத்தில் உங்க முப்பாட்டனாருக்கு அவருடைய அப்பா வீட்டில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. வீட்டுப் பெயர்கூட அம்மை வழி. அந்தப் பெயரைப் புத்தக அட்டையில் தங்க எழுத்தில் போட்டுவிட்டு, பெயரைக் கொடுத்தவளை உள்ளே விடவில்லை.

‘பழைய கதை, விடுங்க’ என்பவர்களுக்கு ஒரு தகவல். 2011இல் பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகள் திறந்தபோது உலகமே வாய் பிளந்ததே. அந்தக் கோயிலை நிர்வகிப்பதில் குடும்பத்துக்கு உரிமை உண்டா என்ற வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் இல்லை என்றது. 2020 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: சித்திரைத் திருநாள் 1991இல் இறந்ததால் அந்த உரிமை அற்றுப்போகவில்லை, வழக்கப்படி குடும்பத்தில் தொடரும். தொடர்ந்தது எப்படி? அவருக்குப் பின் தம்பி. தம்பிக்கும் பிள்ளைகள் உண்டு, ஆனால் அவருக்குப் பின் வந்தது தங்கை மகன். அரியணை இல்லை, ராஜ்யம் இல்லை, கேரளத்தில் கூட்டுக்குடும்பமே சட்டப்படி 1976இல் ஒழிந்தாகிவிட்டது. அப்படியும் இன்றைக்கு அந்த நிலவறைகளின் விஷயத்தில் யார் பேச்சுக்கு எடை என்பதை ஒரு தங்கையின் பெயர்தான் தீர்மானிக்கிறது. உங்கள் கிரீடம் போட்ட படத்தில் அந்தத் தங்கை எங்கே?

போன வருஷம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படியொரு குடும்பப் புத்தகம் தயாரானபோது பிழைதிருத்த என்னிடம் தந்தார்கள். மூலபுருஷர் என்று ஒரு பெரியவர், அவருக்கு மேலே காலி. ‘அண்ணாச்சி, இவருக்க அம்மை பேரு என்ன?’ என்று கேட்டேன். ‘பொம்பளைக பேரெல்லாம் இப்பம் யாருக்குத் தெரியும்?’ என்றார். தொகுப்புக்காக அவர் சேர்த்து வைத்திருந்த கட்டில் ஒரு பழைய பாகப்பத்திரமும் கிடந்தது. எடுத்துப் பிரித்தேன். முதல் பக்கத்தில், கட்சிக்காரர் வரிசைக்கும் முன்னால், இன்னாருடைய தாவழி என்று அந்த அம்மையின் பெயர் தெளிவாக இருந்தது. வயலும் தென்னந்தோப்பும் அவள் பெயரைச் சொல்லித்தான் பிரிந்திருந்தன. காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். புத்தகம் அச்சாகி வந்தபோது அவள் பெயர் பின்னிணைப்பில், நன்கொடையாளர் பட்டியலுக்கு அடுத்த பக்கத்தில் இருந்தது.