ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள்!

"அத்தை, நாளைக்கு ஜுரம்னு சொல்லி லீவு போட்டுடலாமான்னு பார்க்குறேன்!"

போனில் அண்ணன் மகள். சென்னையில் வெப் டெவலப்பர். ஆறு வருட அனுபவம். மாதம் ஒரு சனிக்கிழமை கூடும் டெவலப்பர்கள் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேச ஒப்புக்கொண்டிருந்தாள். விடிந்தால் பேச்சு.

"அங்க வர்றவங்க எல்லாம் என்னைவிடப் பெரிய ஆளுங்க. ஒரு கேள்வி கேட்டா போதும், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கண்டுபிடிச்சிடுவாங்க."

இந்தப் பயம் அவளுக்கு மட்டுமல்ல. படிப்பிலும் வேலையிலும் சாதித்த பெண்கள்கூட, 'இதெல்லாம் என் திறமையில்லை; எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்' என்று உள்ளுக்குள் நினைப்பதை, பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1978-லேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். ஐ.டி. அலுவலகங்களில் இன்று 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' என்கிறார்களே, அதுதான். ஆண்களுக்கும் உண்டு, வெளியில் சொல்ல மாட்டார்கள்.

"சரி, என்ன தலைப்பு?" என்றேன்.

பார்வையற்றவர்கள் வெப்சைட்டை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது தலைப்பு. அதற்குத் தயாராக, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் 'டாக்பேக்' வசதியைத் தன் ஆண்ட்ராய்டு போனில் ஆன் செய்து, கண்ணை மூடிக்கொண்டு, தானே உருவாக்கிய பணம் கட்டும் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். 'பட்டன்... பட்டன்... பட்டன்' என்று மட்டும் கேட்டதாம். பணம் கட்டுவது எது, ரத்து செய்வது எது? ஒன்றும் புரியவில்லை. பட்டனில் படத்தை மட்டும் போட்டுவிட்டு, கோடில் அதற்குப் பெயர் எழுதாமல் விட்டிருக்கிறாள்.

"இத்தனை வருஷமா இந்தத் தப்பைப் பண்ணியிருக்கேன் அத்தை."

"அதையே மேடையில சொல்லேன்."

"தப்பையா?"

"தப்பைத்தான்."

கூடவே ஒரு கதையும் சொன்னேன். வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1991-ல் அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் நடந்த மாநாட்டுக்கு அதைப் பற்றிக் கட்டுரை அனுப்பினார். ஏற்கவில்லை. 'வேண்டுமானால் செய்து காட்டலாம்' என்றார்கள். அவர் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. போய்ச் செய்து காட்டினார்.

மறுநாள் இவளும் போனாள். முதல் ஒரு நிமிடம் குரல் நடுங்கியதாம். அந்தப் 'பட்டன்... பட்டன்' சத்தத்தை ஓடவிட்டதும் முதலில் சிரித்தார்கள், பிறகு அமைதியானார்கள். அவர்களில் பலர் செய்ததும் அதே தப்புதான்! கடைசியில் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியவில்லை. "தெரியலை, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள். வானம் இடிந்து விழவில்லை. பின்வரிசையில் இருந்த ஒருவரே பதில் சொன்னார். திங்கட்கிழமை அலுவலகம் போனதும் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைச் சரிசெய்தாள்.

எல்லாம் தெரிந்த பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. பேசத் தயாராகும்போதுதான் நமக்கு எது தெரியவில்லை என்பதே தெரிகிறது. போன மாதம் நீங்கள் தட்டுத்தடுமாறிக் கற்ற ஒன்று, இந்த மாதம் அதே இடத்தில் தடுமாறும் ஒருவருக்குப் பெரிய உதவி. எங்கே வழுக்கும் என்பது உங்களுக்கு இன்னும் மறந்திருக்காதே!

முதல் பேச்சுக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரே ஒரு விஷயம் போதும். வீட்டில் யாரையாவது உட்காரவைத்து ஒருமுறை வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். செய்து காட்டுவதை முன்கூட்டியே வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நெட் காலை வாரினாலும் கவலையில்லை.

"இப்போ பயம் போயிடுச்சா?" என்று அவளிடம் கேட்டேன்.

"எங்க போச்சு? இப்பவும் வயித்தைக் கலக்குது அத்தை. ஆனா அடுத்த மாசத்துக்கும் பேர் கொடுத்துட்டேன்!"