பாவும் ஊடையும்

கண்காட்சிக் குறிப்பு எழுதும் நம் நண்பர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அதற்கு மேற்கில் ஒரு தகப்பன் தேடுவது. எனக்கும் இருந்தது. கொடியில் காய்ந்த கட்டம்போட்ட லுங்கியைப் பார்த்து 'மாண்ட்ரியான்!' என்று நானே ஒரு குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

1965இல் இவ் ஸான் லோரான் மாண்ட்ரியானின் கட்டங்களைக் கவுன்களாக்கினார். 1983இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் அவருடைய உடைகளைக் காட்சிக்கு வைத்தது. சுவரிலிருந்து இறங்கிய ஓவியம் உடையாகி மறுபடி மியூசியம் ஏறியது. அந்த ஊர்வலத்தின் பின்னால் லுங்கியையும் இழுத்துவிட்ட பெருமை எனக்கு.

குடியாத்தத்தில் தறி நெய்த என் சித்தப்பாவிடம், மாண்ட்ரியான் 1930இல் வரைந்த படம் ஒன்றின் அச்சைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல சிவப்பும் நீலமும் எங்கேயுமே சந்திக்கலையேப்பா" என்றார்.

அவ்வளவுதான். அந்தப் படத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் கறுப்புக் கோடுகளால் பிரிந்து நிற்கின்றன; கலப்புக்கு அங்கே இடமில்லை. லுங்கியிலோ சிவப்புப் பாவில் நீல ஊடை ஓடும் இடத்தில் மூன்றாவதாக ஒரு நிறம் பிறக்கிறது. தறியின் காரியமே கலப்பதுதான். இரண்டும் எதிரெதிர் சிந்தனைகள். நான் கட்டத்தைப் பார்த்தேன், துணியைப் பார்க்கவில்லை. படத்தையும் பார்க்கவில்லை.

ஒப்பிடுவது குற்றமில்லை. பார்ப்பதற்குப் பதிலாக ஒப்பிடுவது சோம்பேறித்தனம். அதை விமர்சனம் என்று அச்சடிப்பது மோசடி. இருபது வருஷமாக அந்த லுங்கியைத்தான் கட்டிக்கொண்டு தூங்கினேன் என்பதை எங்கே போய்ச் சொல்ல?