முகம் ஒன்று, முகவரி வேறு

ஞாயிற்றுக்கிழமை நண்டு சாப்பிடக் கேரி தீவுக்குப் போகிறவர்கள் பாலத்தைத் தாண்டியதும் பார்ப்பது செம்பனை. அப்புறமும் செம்பனைதான். அப்படிப்பட்ட தோட்டங்களின் புல்லுக்குள் குடியிருக்கும் ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம்.

பெயர் சிக்கர். சிற்றுண்ணியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். வளர்ந்ததற்கு எட்டுக் கால், குஞ்சுக்கு ஆறு. எலியையோ நம்மையோ கடிப்பது குஞ்சு மட்டுமே. ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலின் கிருமி அதற்குத் தாயிடமிருந்து முட்டை வழியாகவே வந்துவிடுகிறது, குடும்பச் சொத்து மாதிரி!

நம் நாட்டில் இந்தக் கிருமியைச் சுமப்பதில் மூன்று இனங்கள் முக்கியம். டெலியன்ஸ் காட்டில், பிளெட்சரி லாலாங் புல்லிலும் செம்பனையிலும், அரெனிகோலா கடற்கரை மணலில். பார்வைக்கு மூன்றும் ஒரே அச்சு. முதுகில் கேடயம் போல ஒரு தகடு, அதில் சில முடிகள். முடிக்கும் முடிக்கும் உள்ள தூரத்தை மைக்ரோஸ்கோப்பில் அளந்துதான் இனத்தைப் பிரிக்கிறார்கள். அதிலும் குழப்பம் வந்தது. மலாயா லாலாங்கில் இருந்ததை ஜப்பானின் 'அகமுஷி' என்றே வெகுகாலம் எழுதினார்கள். பிறகுதான் அது வேறு இனம், பிளெட்சரி என்று முடிவானது.

முடியை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். எந்த நிலத்தில் ஆபத்து என்பது அதில்தான் தெரிந்தது. 1920களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வில்லியம் பிளெட்சரும் அவருடன் இருந்தவர்களும் டைபஸை நகரத்துக் 'கடை' வகை, வெளிக்காட்டுப் 'புதர்' வகை என்று பிரித்தார்கள். புதர் வகையில் படுத்தவர்களில் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தார்கள். 1948இல் அதே கோலாலம்பூரில்தான் குளோரம்பெனிகால் இதைக் குணப்படுத்துவது தெரிந்தது. அதுவரை சரியான மருந்தே இல்லை.

தமிழ்நாட்டில் இதை 'உண்ணிக் காய்ச்சல்' என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. மாட்டுக் காதில் தொங்கும் உண்ணியைத் தேடுகிறவர் கண்ணில் இது படவே படாது. தேட வேண்டியது சிகரெட் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கை. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு என்று மறைவான இடத்தில், வலியே இல்லாமல் இருக்கும். எல்லாருக்கும் வராது.

அதனால் கிளினிக்கில் அப்பா "காய்ச்சல் டாக்டர்" என்பதோடு நிறுத்தக்கூடாது. "போன வாரம் செம்பனைக்குள்ள புல்லு வெட்டினேன்" என்றும் சொல்லட்டும். டெங்கி என்று மட்டும் யோசிக்கும் டாக்டர் டைபஸையும் யோசிப்பார். இன்றைக்கு இதற்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்கிளின் விலை குறைந்த மாத்திரைதான்.